வாசலோடு நின்ற விமானம்

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் பனி. எதிர்வீட்டு முருங்கை மரமே தெரியவில்லை. மோட்டார் மறுபடி மக்கர். உள்ளே காயில் எரிந்துபோய்விட்டதாம். போன தடவையும் மெக்கானிக் இதையேதான் சொன்னார்.

செய்ய வேண்டியவை:
ஐயருக்குச் சொல்ல. இவருடைய வருஷத் திதி, 22 ஞாயிறு காலை, ஆற்றங்கரையில்.
பி.பி. மாத்திரை.
சிலிண்டர்.
கயலுக்கு பெங்களூரிலிருந்து டிக்கெட் கிடைத்ததா?
வாழை இலை. செல்வராசு பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்ள மாட்டார்.

பதினோரு மணி வாக்கில் செல்வராசுவே வந்தார். இவருடைய கூடப்பிறந்த தம்பி என்றால் புதிதாகப் பார்க்கிறவர் நம்ப மாட்டார்கள். இவர் வாயைத் திறக்க யோசிப்பார், தம்பி மூட யோசிப்பார். செராமிக் யூனிட்டில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். முதல் வருஷ நினைவுக்கு ஃபிளெக்ஸ் போடுகிறாராம். போனில் டிசைன் காட்டினார்.

நடுவில் இவர் போட்டோ, ரிட்டயர்மென்ட் அன்று எடுத்தது. பின்னால் கூர்மூக்கு வைத்த சண்டை விமானம், வாலில் நெருப்பு. கீழே ஒரு புலி. ‘வானத்தை ஆண்ட வேங்கையே, விங் கமாண்டர் கொளஞ்சியப்பனே.’ அதற்கும் கீழே பங்காளிகள், மாமன் மச்சான்கள் பெயர் மூன்று வரிசை. என் பெயரைக் காணோம்.

“குடும்பத்தார்னு போட்டிருக்குது பாருங்க அண்ணி, அதுல நீங்க வந்துட்டீங்க.”

வந்துவிட்டேனாம். சரி, அதை விடு. புலிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்குள் பல்லி வந்தால் முறத்தில் ஏந்திக் கொண்டுபோய்த் தோட்டத்தில் விடுகிற மனுஷர்.

“தம்பி, அவரு ஓட்டுனது இந்த பிளேன் இல்ல.”

“அப்ப எது அண்ணி? சொல்லுங்க, பையன்கிட்ட இப்பவே மாத்தச் சொல்றேன்.”

பேர் எனக்குத் தெரியாது. பெரிசாக இருக்கும், ஆள் போகும், சாமான் போகும் என்றேன்.

“சாமானா? லாரியாட்டமா?”

அவர் முகம் விழுந்துவிட்டது. பேச்சை மாற்றி காபி கொடுத்தனுப்பினேன். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அப்ப எது அண்ணி?

சாயங்காலம் மாத்திரை வாங்கினேன். சிலிண்டர் மறந்துபோச்சு.

பிப். 11, புதன்

வெயில் ஏறிவிட்டது. மாசி பிறக்கும் முன்னாலேயே இப்படி.

எழுதி வைத்தால் மனசு கொஞ்சம் ஆறுமா பார்க்கலாம். இவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது:

கயலுக்கு ஜடை பின்னுவார். என்னைவிட இறுக்கமாக, சாயங்காலம் வரை கலையாது. லீவில் வந்தால் அடுப்படி அவருடையது, ரசம் மட்டும் கடைசிவரை கை வரவில்லை. நான் திருத்தின கணக்குப் பேப்பரில் மார்க் கூட்டல் சரிபார்ப்பார். தப்பு கண்டுபிடித்தால் அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு. என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வேளா வேளைக்கு சொட்டு மருந்து விட்டவர் மருமகன்தான், பெற்ற பிள்ளைகள் இல்லை. யார் ஊருக்குக் கிளம்பினாலும் வண்டி டயரை அமுக்கிப் பார்ப்பார். பாத்ரூம் போக எழுந்தால் போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டுப் போவார். மாதம் ஒரு தடவை சேத்தியாத்தோப்பு சந்தைக்கு பஸ் ஏறிப் போவார், கத்திரிக்காய் வாங்க. விருத்தாசலத்தில் இல்லாத கத்திரிக்காயா என்று கேட்டால், “அந்தக் காய் வேற”. அதே காய்தான்.

தெரியாதது: வேலை. மொத்தமும்.

சண்டை போட்டு மறைத்ததில்லை. பேச்சே வராது, அவ்வளவுதான். வடக்கே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து ஒரு பழக்கம். வேலை முடிந்து வந்தால் நேராக உள்ளே வர மாட்டார். வாசல் குழாயில் கை கால் முகம் எல்லாம் கழுவி, சட்டையை அங்கேயே மாற்றி, அப்புறம்தான் நிலைப்படி. உள்ளே வந்த ஆள் வெறும் கயலு அப்பா. மாமியார் விழுந்து படுத்ததால் நானும் கயலும் இங்கே திரும்பி, எனக்கு ஸ்கூலில் வேலை கிடைத்து, இந்த வீடு கட்டினபோது கொத்தனாரிடம் அவர் கேட்டு வாங்கின ஒரே விஷயம் வாசல் கேட் பக்கத்தில் ஒரு குழாய். ரிட்டயர் ஆகி வந்தும் விடவில்லை. பால் வாங்கிக்கொண்டு வந்தால்கூடக் குழாயடி.

ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் வீட்டுக்காரர் ஆபீஸ் கதையைச் சொல்லிப் புலம்புவார்கள். எங்க வூட்டுல அந்தத் தொல்ல இல்ல என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பெருமை!

கயல் போன் எடுக்கவில்லை. மீட்டிங்காம்.

பிப். 12, வியாழன்

சிலிண்டர் புக் பண்ணியாச்சு.

செல்வராசு யூனிட்டுக்கு ஆட்டோவில் போனேன். ஃபிளெக்ஸை நிறுத்தச் சொல்லத்தான் போனது. அங்கே பார்த்தால் மனுஷர் இன்னொரு கூத்து ஆரம்பித்திருக்கிறார். போட்டோ பக்கத்தில் வைக்கப் பீங்கானில் ஒரு பிளேன். அதுவும் அந்தக் கூர்மூக்கு. கொலு பொம்மைகளுக்குப் பிசிறு சீவுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நிற்கிறார்கள். பச்சை மண்ணில் ஈரத்தோடு பலகைமேல் இருந்தது. ரெக்கைக்கு அடியில் சின்னச் சின்ன மண் தூண்.

“இது என்னாத்துக்கு தம்பி?”

“முட்டு அண்ணி. சூளையில மண்ணு எளகும், ரெக்கை தொங்கிப்புடும். முட்டும் அதே பச்ச மண்ணுலதான் வைக்கணும். ரெண்டும் ஒண்ணாச் சுருங்கும். சுட்ட மண்ண வச்சா அது அப்படியே நிக்கும், ரெக்கை மட்டும் சுருங்கும், வெடிச்சிப் பூடும்.”

தொழில் பேச ஆரம்பித்தால் செல்வராசு வேறு ஆள். மண் எந்த ஊரிலிருந்து வருகிறது, பளபளப்பு எப்படி ஏறுகிறது, போன மாசம் எத்தனை பியூஸ் கட்டை வெடித்தது, எல்லாம். அவர் சம்சாரத்தைக் கேட்டாலும் இதெல்லாம் ஒப்பிப்பாள். சோற்றுத் தட்டில் கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பாள்.

ஃபிளெக்ஸைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும்.

கயல் கூப்பிட்டாள். அப்பா ஓட்டின பிளேன் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

“குண்டா, சாம்பக் கலர்ல இருக்கும்மா. சின்ன வயசுல ஒரு தடவ தூரத்துல பாத்திருக்கேன்.”

“பேரு?”

“உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சா உன்னைய ஏன் கேக்குறேன்.”

ரெண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள்தான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கவா என்றாள். என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் என்று இன்டர்நெட்டில் தேட வேண்டுமா? வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆல்பம் எல்லாம் இறக்கிப் பார்த்தேன். நான், கயல், மாமியார், வீட்டுப் பசு, மறுபடி கயல். எடுத்ததெல்லாம் அவர், அதனால் அவரும் இல்லை. பிளேன் ஒன்றுகூட இல்லை.

பிப். 13, வெள்ளி

கோவிலுக்குப் போகிற வழியில் பார்த்தேன். கட்டிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் திரும்புகிற முனையில், ரெண்டு ஆள் உயரம். நெருப்பு, புலி, எல்லாம். மாசி மகத்துக்குக் கொடி ஏறப் போகிற சமயம், ஊரே அந்த வழியாகத்தான் போகும். பழமலைநாதர் சந்நிதியில் நின்றுகொண்டு செல்வராசுவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அர்ச்சகர் விபூதி கொடுக்கும்போதுதான் சாமி முன்னால் நிற்கிற நினைவு வந்தது.

வாட்ஸப்பிலும் அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கும்பிடுகிற கை போட்டிருக்கிறார்கள். “மாமா எவ்ளோ பேரை சுட்டிருப்பாரு” என்று ஒரு பொடியன்.

அஞ்சு மணிக்கு இவர் போன் அடித்தது. இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். கரண்ட் பில் மெசேஜ் அதில்தான் வரும் என்று கயலிடம் சொல்லியிருக்கிறேன். திரையில் ‘கரீம் சே.தோப்பு’.

சேத்தியாத்தோப்புக் கத்திரிக்காய் வியாபாரி. பாவம், விஷயம் தெரியாதுபோல என்று எடுத்தேன்.

“டீச்சரம்மாங்களா? நான் கரீம் பேசுறேங்க, பரங்கிப்பேட்ட.”

“கத்திரிக்கா கடையாங்க?”

அந்தப் பக்கம் மெல்ல ஒரு சிரிப்பு.

“சாரு அப்பிடியா சொல்லி வச்சிருந்தாரு? நான் சாரு கூடப் பறந்தவங்க. ஃபிளைட் இன்ஜினியரு. அவரு சீட்டுக்குப் பின்னாலதான் என் சீட்டு.”

உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் பையனோடு ஷார்ஜாவில் இருந்தாராம். சேதி அங்கேதான் போயிருக்கிறது. “போன் போட எனக்குத் தெம்பு வரலீங்க. என்னா சொல்றதுன்னு தெரியல. திரும்பி வந்து மூணு மாசமாவுது, இன்னைக்கி வாட்ஸப்புல யாரோ அனுப்புன அந்தப் படத்தப் பாத்தேன். மனசு கேக்கலம்மா. சாருக்குப் பின்னால நிக்கிறது நம்ம பிளேன் இல்லீங்களே.”

நம்ம பிளேன்.

“நம்ம பிளேன் எப்பிடிங்க இருக்கும்?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க இதக் கேக்கலாங்களா? உங்களுக்கு ஆவாதுன்னு சாரு சொல்லுவாரே.”

என்ன ஆகாது? கேட்டேன். போனில் வேண்டாம், நேரில் சொல்கிறேன் என்றார். வீட்டுக்கு வாங்க என்றால் தயங்கினார். வூட்டுக்கு வர்றது சங்கடமா இருக்குதுங்க, சேத்தியாத்தோப்புல நாங்க உக்காருற டீக்கடை ஒண்ணு இருக்குது, அங்க வர முடியுங்களா? வருகிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை.

பிப். 14, சனி

சிலிண்டர் வந்தது. ஆள் புதுசு, படியில் நங்கென்று வைத்துவிட்டுப் போனான்.

ஆவாது என்றால் என்ன? எனக்கு என்ன ஆகாது? கருவாடுகூட ஆகும்.

பிப். 16, திங்கள்

சேத்தியாத்தோப்பு போய் வந்தேன். கால் வீக்கம். எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம். வழியெல்லாம் கரும்பு டிராக்டர், ஒன்றையும் தாண்ட முடியவில்லை. இந்த வழியில் மாசா மாசம் எந்தப் பக்க சீட்டில் உட்கார்ந்து போனாரோ.

கரீம் பாய் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் இருந்தார். ஒல்லி, வெள்ளைத் தாடி, தொப்பி. என்னைப் பார்த்ததும் விறைப்பாக எழுந்து நின்றார், இவர் நிற்கிற அதே மாதிரி. டீ மாஸ்டர் அவரைப் பார்த்து, “என்னா பாய், ஆளையே காணோம், சாரு வரலியா? சாருக்கு சக்கர கம்மிதான?” என்றார். நான்தான் சொன்னேன். அந்த ஆள் டீ ஆற்றுகிற கையை அப்படியே இறக்கிவிட்டார்.

பாய் பத்திரிகையை மடித்து மேஜைமேல் வைத்து ரெக்கை என்றார். அதன் மேலே ரெண்டு பக்கமும் டம்ளரை வைத்தார்.

“இதாம்மா நம்ம பிளேன். எஞ்சின் ரெண்டும் ரெக்கைக்கு மேல தூக்கி வச்சிருக்கும், முன்னால பெரிய விசிறி. பாக்க அழகு கெடையாது. ஆனா மலையில அதாட்டம் ஏறுறது வேற இல்ல.”

பனி மலைக்கு ஆட்டா மூட்டை, மண்ணெண்ணெய் டின், மருந்து. வால் பக்கம் கதவைத் திறந்து மேலிருந்தே தள்ளுவார்களாம். லீவுக்குப் போகிற சிப்பாய்ப் பையன்களை ஏற்றி வருவார்கள். சில நாள் அதே பையன்கள் பெட்டியில் வருவார்கள். அந்த மாதிரி நாளில் சார் இறங்கின பிறகு ரொம்ப நேரம் பிளேனைச் சுற்றிச் சுற்றி நடப்பார் என்றார். அப்படி நடந்துவிட்டு வந்து என்னிடம் என்ன பேசியிருப்பார்? இட்லிக்கு ஊறப்போட்டாச்சா என்று கேட்டிருப்பார். நானும் ஆச்சு என்றிருப்பேன்.

ஒரு தடவை மலைக்கு நடுவில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டதாம்.

“பயந்தாரா?”

“எல்லாருக்கும்தான் பயம். சாரு இன்னா சொன்னாரு தெரியுமா? கரீமு, வூட்டுல பத்தாங்கிளாஸ் பேப்பரு கட்டு வந்து கெடக்குது, போயிக் கூட்டல் பாக்கணும், எறக்கிடலாம்னாரு. எறக்கிட்டாரு.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சந்தைக்கு வந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் நிறுத்தவில்லை. என் ஹெட்மிஸ்ட்ரஸோடு நான் போட்ட சண்டை அவருக்குத் தெரிகிறது. கயல் சைக்கிளில் விழுந்து பல் உடைந்தது, என் அம்மா கண், மாமியாருக்கும் எனக்கும் எந்த வருஷம் பேச்சு இல்லை, நான் சாம்பாரில் உப்புக் கம்மியாகப் போடுவது, எல்லாம். வடநாட்டு நேவிகேட்டர் ஒருத்தர் தினம் காலையில் ‘டீச்சர்ஜி ஸ்கூலில் என்ன’ என்று கேட்டுவிட்டுத்தான் மேப்பைப் பிரிப்பாராம்.

“பிளேன்ல ஏறுனா சாருக்கு வூட்டுப் பேச்சுதான். எங்களுக்கெல்லாம் நீங்க தெரிஞ்ச ஆளு டீச்சரம்மா. இன்னைக்கிதான் மொதல்ல பாக்குறேன், ஆனா புதுசா இல்ல.”

அப்புறம் கேட்டேன், எனக்கு என்ன ஆவாது என்று.

பத்திரிகையைத் தடவிக்கொண்டே சொன்னார். “கல்யாணமான புதுசுல, ஒரு நாளு மொத மொதல்ல மலையில எறங்கிட்டு வந்தாராம். ஆசை ஆசையா உங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சாராம். நீங்க கேட்டுக்கிட்டே இருந்து, எழுந்து ஓடிப் போயி வாந்தி எடுத்துட்டீங்களாம். பயந்த புள்ள கரீமு, இனிமே பிளேன வாசலோட வுட்டுட்டுதான் உள்ள போவணும்பாரு. அதுக்குதான் ரிட்டயர் ஆனப்புறம் இந்தக் கடை. உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் நடுவுல. பேசிப் பேசி வாயி வலிக்கும். கடைசி பஸ்ஸுக்கு முன்னால ஓடிப் போயி கத்திரிக்கா வாங்குவாரு.”

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியாது.

பிப். 17, செவ்வாய்

மேகம் மூடியிருக்கிறது, மழை வராது.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நினைவில்லை என்று நினைத்தால் நினைவிருக்கிறது.

குவார்ட்டர்ஸ். குளிர். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர். இவர் அந்த நீள உடுப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்படிக்கு வந்தார். கையை விரித்து ஏதோ காட்டினார், இப்படி வளைஞ்சு, இப்படி இறங்கி. அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் வந்ததும் உடுப்பிலிருந்து மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. குடலைப் பிடுங்கியது. ஓடினேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னேன், “அந்த வாடையோட உள்ள வராதீங்க.” அவ்வளவுதான் சொன்னது.

கயல் வயிற்றில். அது அன்றைக்கு எனக்கே தெரியாது. சீரகம் தாளித்தால்கூடப் புரட்டும், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டர் சொன்னதும் ரெண்டு பேரும் ஆடிப் பாடி லட்டு வாங்கிப் பக்கத்து வீடெல்லாம் கொடுத்தோம். ஆனால் இதையும் அதையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் கணக்கு டீச்சர் வேறு.

வாடையை வெளியே விடச் சொன்னேன். இவர் பிளேனையே வெளியே விட்டுவிட்டார்.

பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி டெலிபோன் அடித்தால் ரெண்டாவது மணிக்குள் ஓடிப்போய் எடுப்பேன். ஆனால் காது கொடுத்துக் கேட்க முடியாத பயம் இல்லை. சொன்னால் கேட்டிருப்பேன். உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, டம்ளரை ரெக்கைமேல் வைத்துக் காட்டச் சொல்லி. இவர் பேச மாட்டார், இவர் சுபாவம் இது என்று நான் இருந்தேன். இவளுக்கு ஆகாது என்று அவர் இருந்தார். என்ன குடித்தனம் இது? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா அந்த மனுஷர்? நான் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

மொட்டை மாடியில் நிற்கும்போது மேலே பிளேன் போனால் அண்ணாந்து பார்ப்பார். நான் படியேறி வந்தால், துணி காஞ்சிருச்சான்னு பாத்தேன் என்று இறங்கிவிடுவார். பிளேன் மேல் ஆசை விட்டுப்போச்சு போல என்று நினைத்திருக்கிறேன். படுபாவி நான்.

யாரிடமும் சொல்லாத ஒன்று. லீவில் வந்து இறங்கினால் அவர் பையைப் பிரித்து அழுக்குத் துணியை எடுத்து, துவைக்கப் போடுமுன் ஒரு தடவை மோந்து பார்ப்பேன். அதே மண்ணெண்ணெய் வாடை. அது இல்லாவிட்டால் அவர் வந்த மாதிரியே இருக்காது. ஒவ்வொரு லீவுக்கும் பார்த்திருக்கிறேன். அவருக்கு இது தெரியாது.

கத்திரிக்காய் ஃபிரிட்ஜில். செய்ய மனசு வரவில்லை.

பிப். 18, புதன்

கயலிடம் போனில் எல்லாம் சொன்னேன். “அப்ப என்னாலதானாம்மா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். அடி அசடே என்று அதட்டினேன். அதட்டின பிறகு எனக்கும் நிற்கவில்லை.

மோட்டார் சரியாச்சு. இந்தத் தடவை கப்பாசிட்டராம்.

பிப். 20, வெள்ளி

பாய் அனுப்பின போட்டோவை செவ்வாய்க்கிழமையே செல்வராசுவுக்கு அனுப்பியிருந்தேன். பிளேன் பக்கத்தில் இவர், சின்ன வயசு, வாயெல்லாம் பல். அப்படிச் சிரிப்பார் என்றே எனக்குத் தெரியாது. செல்வராசு பார்த்துவிட்டு அன்றைக்கே ஓடி வந்தார்.

“மூக்கு மழுங்கலா இருக்குதே அண்ணி.”

“அப்பிடித்தான் இருக்கும். எஞ்சின் ரெண்டும் ரெக்கைக்கு மேல. விசிறி வச்சது. மலையில அதாட்டம் ஏறுறது வேற இல்ல தம்பி.”

நான்தான் பேசுகிறேனா என்று எனக்கே ஆச்சரியம். கூர்மூக்கை உடைத்துப் போட்டு, புதிதாகச் செய்து, அவசர அவசரமாகக் காயவைத்து, மற்ற பொம்மைகளோடு சூளையில் ஏற்றினார். இன்று பிரித்தார்கள். இடது ரெக்கை தொங்கிவிட்டது.

“முட்டு ஒண்ணு கொறஞ்சி பூட்டுது. மறுபடி போட நேரமில்ல அண்ணி.” அண்ணன் காரியம் கெட்டுவிட்டதே என்று கண் கலங்குகிறார். இந்த ஆளையா பத்து நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன்? நல்லாத்தான் இருக்குது தம்பி, அவருக்கும் எடது தோளு கொஞ்சம் எறக்கம்தான் என்றேன். உண்மையும்கூட.

ஃபிளெக்ஸும் மாற்றிவிட்டார். நம்ம பிளேன் வந்துவிட்டது. புலியை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார். இருக்கட்டும்.

பிப். 22, ஞாயிறு

எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கயல் உள்ளே தூங்குகிறாள்.

காலையில் ஆற்றங்கரை. தண்ணீர் கணுக்காலுக்குத்தான். திதி நல்லபடி முடிந்தது. ஐயர் அவசரப்பட்டார், இன்னும் நாலு வீடு இருக்கிறதாம். சாப்பாடு எழுபது பேருக்கு மேல். இலை பத்தவில்லை, செல்வராசு! கத்திரிக்காய் பொரியல் நானே செய்தேன். பீங்கான் பிளேனை ஹாலில், போட்டோவுக்குக் கீழே வைத்தோம். வருகிறவர் எல்லாரும் ரெக்கையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

கரீம் பாய் பந்தி முடியும் நேரம் வந்தார். கையில் பேரீச்சம்பழப் பை. கேட்டைத் திறந்தவர் உள்ளே வரவில்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, வாசல் குழாயைத் திறந்து கை கால் கழுவ ஆரம்பித்தார். நான் வாசலுக்கு ஓடினேன்.

“பாய், அதெல்லாம் வேணாங்க. அப்படியே உள்ள வாங்க.”

“இல்லம்மா, சாரு சொன்னது. இங்க எல்லாத்தையும் வுட்டுட்டுதான் உள்ள போவணும்.”

“இல்லீங்க. கயலு வயித்துல இருந்தப்பதாங்க எனக்கு அந்த வாடை ஆவல. அப்புறமெல்லாம் ஆவும்.”

சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய ஆள் உள்ளே மாலைக்குள் இருக்கிறார். அடுத்து யாரிடம் சொல்வது, பாயிடம்தான்.

பாய் குனிந்த வாக்கில் அப்படியே நின்றார். புரிய நேரம் பிடித்தது. பிறகு ஈரக் கையோடு நிமிர்ந்து, “அப்ப நாங்க ரெண்டு பேரும் சும்மாவா அவ்ளோ தூரம் பஸ்ஸு ஏறிக்கிட்டு இருந்தோம்?” என்று சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு மாறிவிட்டது. தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் குழாயை மூடினேன்.